மாங்கட்டைச் செப்பு

எண்பத்திரண்டாம் வருஷக் கர்க்கடக மாதத்தில், மழை சற்றுத் தொய்ந்திருந்த ஒரு முற்பகலில், மீனாக்ஷி குழந்தையோடு மட்டாஞ்சேரி படகுத்துறையில் வந்து இறங்கினாள். குடை முழுவதையும் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு அவள் நனைந்திருந்தாள். சிவசங்கரன் கையை நீட்டினான். பிறந்த இத்தனை நாளில் அவன் அதைச் சரியாகத் தூக்கியதில்லை.

“தலை, தலை. தலையைத் தாங்குங்க தம்பி. தேங்காயா வாங்கறீங்க?”

அவன் தலையைத் தாங்கினான். போர்வைக்குள் சூடாகவும் நல்ல கனமாகவும் இருந்தது.

“அவருக்கு அம்மை போட்டிருக்கு. நேத்து ஒண்ணு ரெண்டு கொப்புளம், இன்னிக்கு முதுகு முழுக்க. பச்சைக் கொழந்தையை அங்க வெச்சுக்க முடியாது. தலைக்குத் தண்ணி விட்டதும் வந்து கொண்டுபோயிடறேன்.”

“சரிக்கா.”

“பால்பொடி டின் பையில இருக்கு. வெள்ளம் நல்லா கொதிச்சு ஆறணும். மூக்கம்மாக்காகிட்ட எல்லாம் சொல்லியாச்சு. நீங்க வீட்டுல இருந்தா மதி, அது போதும்.”

அதே படகில் திரும்பிப் போனாள்.

மீனாக்ஷி அவன் மனைவி கமலாக்ஷியின் அக்கா. தேவராவில் இருந்தாள். பிள்ளையில்லாதவள். பிரசவத்தில் உதிரம் நிற்காமல் தங்கை போன அன்று, குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். சிவசங்கரன் தடுக்கவில்லை. தடுக்கவும் தோன்றவில்லை, சம்மதிக்கவும் தோன்றவில்லை.

வீடு கமலாக்ஷியின் அப்பா விட்டுப்போனது. சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால், ஒரு ஆள் குடை விரித்தால் இன்னொரு ஆள் நிற்கவேண்டிய சந்துக்குள் இருந்தது. எந்தக் கதவைத் திறந்தாலும் சுக்கும் மிளகும் மணக்கும். பின்கட்டில் ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை. அதுதான் அவன் பட்டறை. பி.எஸ்ஸி. முடித்துவிட்டுக் குமாஸ்தா வேலைக்குக் காத்திருந்த காலத்தில் கடைசல் மெஷின் முன்னால் நிற்கக் கற்றுக்கொண்டவன், பிறகு அங்கேயே நின்றுவிட்டான். குங்குமச் சிமிழ், சதுரங்கக் காய், மூடியுள்ள செப்பு என்று கடைந்து யூதத் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்குக் கொடுப்பான்.

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மாமரம் இருந்தது. இப்போது அடிக்கட்டை மட்டும் இருந்தது.

அவர்கள் தமிழ்க் குடும்பம்தான். ஆனால் நாலு தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிறவர்களுக்குச் சாவுக் காரியத்தில் பாதி இந்த ஊர் வழக்கம். வீட்டில் சாவு விழுந்தால் வளவிலுள்ள மாமரத்தை வெட்டிச் சிதைக்குக் கொண்டுபோவார்கள். கமலாக்ஷிக்கு அந்த மரம் போயிற்று. வெட்ட வந்த வறீது, கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு அவனிடம் மெல்லச் சொன்னான்.

“சாரே, இதில் ஒரு சுள்ளி போலும் பாக்கி வைக்கருது. முழுவனும் அங்கு போகணும்.”

ஒரு சுள்ளிகூட மீதி வைக்கக் கூடாது என்பதற்கு அவன் தலையாட்டினான். எல்லோரும் வண்டியைச் சந்துக்குள் திருப்பிக்கொண்டிருந்தபோது, அடிமரத்தில் அறுத்த ஓர் உருளையைக் காலால் உருட்டிப் பட்டறைக்குள் விட்டு, மேலே கோணிச்சாக்கைப் போட்டான்.

கணு இல்லாத கட்டை. நேரான இழை. கடைசல்காரன் கை நல்ல கட்டையைக் கண்டால் ஒதுக்கிவைக்கும். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டான். கமலாக்ஷியின் வளையல்களைப் போட்டுவைக்க ஒரு செப்பு ஆகும் என்று பிறகு நினைத்தான். இரண்டில் எது முதலில் தோன்றியதென்று அவனுக்கே தெரியாது.

*

குழந்தை வந்த நிமிஷத்திலிருந்து அழுதது.

மூக்கம்மாள் சுக்குக் கிடங்கில் தோல் நீக்கும் வேலைக்காரி. உசிலம்பட்டிப் பக்கம். மழைக்குக் கிடங்கு அடைத்துக் கிடந்ததால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். அவள் தோளில் போட்டுத் தட்டினாள், மடியில் போட்டு ஆட்டினாள், ஓமத்தண்ணீர் கொடுத்தாள். புட்டியை வாயில் வைத்தால் நாக்கால் தள்ளியது.

“ஆறு பிள்ளை வளர்த்தவ நானு. இப்படி ஒரு தொண்டையை நான் பாத்ததில்ல. ஏப்பா, நீ ஒரு தடவ தூக்கிப் பாரேன். அப்பன் வாசனை பட்டா அடங்கும்.”

தூக்கினான். அடங்கவில்லை. அவன் விரலை மட்டும் எப்படியோ பிடித்துக்கொண்டது. சின்ன விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்து மூடின. விடுவிக்கச் சிரமமாக இருந்தது.

அழுகை காதில் அவ்வளவாக விழாத இடமென்று பட்டறைக்குப் போனான். கை எதையாவது செய்ய வேண்டும். கோணியை விலக்கினான். இத்தனை நாளாகியும் மாங்கட்டை காயவில்லை. மழைக்காலம்தானே. தொட்டால் ஜில்லென்று ஈரம். மெஷினில் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் பூட்டி ஓடவிட்டு, வெளிப்புறத்தை உருட்டாக்கினான். நடுவில் ஒரு குழி துளைத்தான். பிறகு வளைய உளியை எடுத்தான்.

நீளமான இரும்புக் கம்பி. நுனியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வளையம். வளையத்தின் விளிம்பு முழுக்கக் கூர். சுழலுகிற கட்டையின் குழிக்குள் அதை விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து இழுத்துக் குடைய வேண்டும். வாய் சிறுத்து வயிறு பெருத்த செப்பென்றால், உள்ளே வளையம் எங்கே நிற்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. காதால்தான் குடைய வேண்டும். சுவர் தடிமனாக இருக்கும்போது சத்தம் அடித்தொண்டையில் கேட்கும். மெலிய மெலிய மேலே ஏறும். வளையத்தை ஒரு மயிரிழை அதிகம் திருப்பினால் மரத்தைக் கடித்துவிடும். கம்பியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும்.

முதல் இழுப்பில் ஈரச்சுருள் வளையத்துக்குள் புகுந்து வெளியே வழிந்தது. பட்டறை முழுக்க மாம்பால் வாசனை.

வீட்டுக்குள் அழுகை நின்றது.

அவன் உளியை எடுத்துவிட்டுக் காதைத் தீட்டினான். அழுகை தொடங்கியது. மறுபடி குடைந்தான். நின்றது.

மூக்கம்மாள் தாழ்வாரத்திலிருந்து சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். “நிறுத்தாதப்பா, பால் குடிக்கிறா. உன் மிசினுதான் அவளுக்குத் தாலாட்டு.”

*

அப்படியே பழகிவிட்டது. குழந்தைக்குப் பசித்தால் அவன் பட்டறைக்குப் போவான். அவன் குடைய, அது குடிக்கும். அவன் உளியைத் துடைத்து வைக்கும்போது அது தூங்கியிருக்கும்.

தேக்கைப் பூட்டிப் பார்த்தான். அழுதது. ஈட்டிக் கட்டையைப் பூட்டிப் பார்த்தான். அழுதது. மாங்கட்டைக்கு மட்டும்தான் அடங்கியது.

இதில் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் அவனுக்குப் பட்டது. உண்மையைச் சொன்னால், அவனுக்கு அது பிடித்திருந்தது. கமலாக்ஷி போன பிறகு முதல் தடவையாக அவனால் ஒருவருக்கு ஏதோ ஆகிறது. பொழுது விடிந்தால் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது. மரம் தீர்ந்துவிடக் கூடாதென்று மிக மெல்லிசாக இழுத்தான். சுருள்கள் வெங்காயத் தோல்போல் வந்தன. வெதுவெதுப்பாக இருந்தன. உளி உரசுகிற சூடு என்று நினைத்தான்.

முந்தின நாள் இழுத்துத் தரையில் கிடந்த சுருளும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

ஒரு நாள் மதியம் மூக்கம்மாள் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு, ஈரத் துண்டோடு தூக்கிக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்தாள். சிரிக்கவில்லை.

“ஏப்பா. இவளைக் கொஞ்சம் பிடி.”

“என்ன?”

“பிடியேன்.”

வாங்கினான். அவன் கை தானாக மேலே எழும்பிவிட்டது. ஒரு கனத்தை எதிர்பார்த்துத் தூக்கி, கனம் இல்லாமல் போனால் கை ஏமாறுமே, அப்படி.

“டின்னு டின்னாப் பால் குடிக்கிறா. ஒண்ணுக்குப் போறா. கன்னம் வாடல. அப்புறம் ஏன் பஞ்சாட்டம் இருக்கா?”

கண்ணை விழித்து அவனைப் பார்த்தது. வாயைத் திறந்து சின்னதாக ஒரு சத்தம் போட்டது. காலிப் பானைக்குள் பேசினால் வருகிற சத்தம்.

டாக்டரிடம் கொண்டுபோனான். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். குறையொன்றும் இல்லை என்றார். பிறகு தராசில் கிடத்தினார். முள்ளைப் பார்த்தார். குழந்தையை எடுக்கச் சொல்லித் தராசைத் தட்டிப் பார்த்தார். மறுபடி கிடத்தினார். “கடலோரம் அல்லே, துரு பிடிக்கும்” என்று தராசைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டார். வெளியே அடுத்த நோயாளி இருந்தார்.

திரும்பி வரும்போது பஜார் ரோட்டில் காற்று அடித்தது. குழந்தையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நடந்தான்.

*

பட்டறையில் மெஷின் சில நாளாக முனகிக்கொண்டிருந்தது. பெல்ட் நழுவியது. மழை ஈரமென்று விட்டிருந்தான். அன்று சாயங்காலம் செப்பைச் சக்கிலிருந்து கழற்றினான்.

கை கீழே போயிற்று. தவறவிட்டிருப்பான். வயிற்றோடு அணைத்துப் பிடித்தான்.

சுவர் அவ்வளவு மெலிந்திருந்தது. உள்ளே வெறும் காற்று. ஊதினால் பறக்க வேண்டிய பொருள். ஆனால் கனத்தது. கல்லின் கனம் இல்லை. கல் கனம் ஓரிடத்தில் நிற்கும். இது கையில் சரிந்தது. அவன் இடதுகை மடிப்பில் ஒரு பக்கம் கூடுதலாக அழுத்தியது.

தலைப்பக்கம்.

படகுத்துறையில் போர்வையோடு வாங்கிய அதே கனம்.

அவன் நின்றபடியே நின்றான். ஓட்டில் மழை விழுந்தது. தான் என்ன செய்துகொண்டிருந்தோமென்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. நாள்தோறும், பசிக்குப் பசி, காதால் கேட்டுக் கேட்டு, மெல்லிசு மெல்லிசாக, அவன் எதைக் குடைந்துகொண்டிருந்தான் என்று.

செப்பைக் கோணியில் சுற்றி மெஷினுக்கடியில் வைத்தான். இனித் தொடுவதில்லை.

மறுநாள் காலை குழந்தை அழுதது. அவன் பட்டறைக் கதவைத் திறக்கவில்லை. மூக்கம்மாள் இரண்டு தடவை வந்து பார்த்தாள். “ஓட்டேன்ப்பா மிசின, புண்ணியமாப் போகும்” என்றாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழட்டும். அழுதால் ஒன்றும் ஆகாது. அழுகிறவரைக்கும் ஒன்றும் ஆகாது.

மதியத்துக்கு முன் அழுகை நின்றது.

*

அந்த நேரம் பார்த்துத்தான் மீனாக்ஷி வந்தாள். கணவன் வெங்கிடராமனுக்கு அம்மை இறங்கி, வேப்பிலை போட்டுத் தண்ணீர் விட்டாகிவிட்டது. வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு, “எங்க என் மோளு?” என்றபடி உள்ளே வந்தாள்.

மூக்கம்மாள் குழந்தையை நீட்டினாள்.

மீனாக்ஷி வாங்கினாள். கையைப் பார்த்தாள். போர்வையை விலக்கிப் பார்த்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை.

“தம்பி,” என்றாள். “தம்பி, மூச்சு.”

சிவசங்கரன் ஓடினான். ஆஸ்பத்திரிக்கு அல்ல. அதற்கு நேரமில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பட்டறைக்கு ஓடினான். கோணியை உதறி, செப்பை இரண்டு கையாலும் தூக்கிச் சக்கில் பூட்டி, சுவிட்சைப் போட்டான். வளையத்தை உள்ளே விட்டு இழுத்தான்.

பின்னாலேயே ஓடிவந்த இரண்டு பெண்களும் வாசலில் நின்றார்கள். மீனாக்ஷி கையில் குழந்தை ஒரு மூச்சு இழுத்தது. உதட்டில் சிவப்பு ஏறியது.

“எந்தா இது,” என்றாள் மீனாக்ஷி. “நீங்க என்ன செய்யறீங்க?”

“பேசாதீங்க. எனக்குச் சத்தம் கேக்கணும்.”

சத்தம் உச்சியில் இருந்தது. அதற்கு மேல் போனால் சுவர் இருக்காது. எதிரே இருந்த ஜன்னலின் வெளிச்சம் செப்புக்குள் ஊடுருவி, காதுமடலை வெயிலுக்குக் காட்டினாற்போல் சிவந்து தெரிந்தது. ஓர் இழுப்பு. குழந்தைக்கு ஒரு மூச்சு. இன்னோர் இழுப்பு. இன்னொரு மூச்சு. நிறுத்தினால் சாகும். நிறுத்தாவிட்டால் உடையும்.

கரண்டு போயிற்று.

மெஷின் இறங்கி, முனகி, நின்றது. மழைச் சத்தம் மட்டும்.

“நீலமாகுது,” என்றாள் மூக்கம்மாள்.

“அக்கா, குழந்தையை மூக்கம்மாக்காகிட்ட குடுங்க. அந்தப் பெல்ட்டைக் கையால இழுங்க. விடாம.”

மீனாக்ஷி ஏன் என்று கேட்கவில்லை. சேலையை வரிந்து செருகிக்கொண்டு இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். செப்பு மெல்லத் திரும்பியது. வளையம் கரகரவென்று உராய்ந்தது. குழந்தை மூச்சு விட்டது. அவள் இழுத்தாள். அவன் குடைந்தான். மூக்கம்மாள் குழந்தையின் முகத்தைப் பார்த்து, “இருக்கு... இருக்கு...” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்போது உளி நின்றது.

கடிக்கவில்லை. கடித்தால் உதறும். இது பிடித்தது.

செப்பின் சிவந்த சுவருக்குப் பின்னால் ஏதோ நிழல் அசைந்தது. கம்பி வழியாக அவன் உள்ளங்கைக்கு அது வந்து சேர்ந்தது. சின்னச் சின்னதாக, ஒவ்வொன்றாக, விரல்கள் வளையத்துக்குள் நுழைந்து மூடிக்கொண்டன. அந்தப் பிடியை அவனுக்குத் தெரியும்.

வளையத்தின் விளிம்பு முழுக்கக் கூர்.

“நிறுத்துங்க,” என்றான். “அக்கா, நிறுத்துங்க. இழுக்காதீங்க.”

அவள் நிறுத்தினாள். அவன் அசையவில்லை. இழுத்தால் அறுக்கும். தள்ளினாலும் அறுக்கும். திருப்பினாலும் அறுக்கும். கம்பியைப் பிடித்தபடி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றான்.

பின்னால் மூக்கம்மாளிடமிருந்து ஒரு நீண்ட மூச்சுச் சத்தம் கேட்டது. அவளுடையது அல்ல. தண்ணீருக்கடியிலிருந்து மேலே வந்தவர் இழுக்கிற மூச்சு.

“ஆத்தாடி,” என்றாள் மூக்கம்மாள். “கனக்குது. பாருங்களேன். கையே கீழ போகுது.”

வளையத்தைப் பிடித்திருந்த விரல்கள் நெகிழ்ந்தன. அவன் கம்பியை வெளியே எடுத்தான். விளிம்பில் ரத்தம் இல்லை. ஈரம் மட்டும்.

மீனாக்ஷி குழந்தையை வாங்கி மாற்றி மாற்றித் தோளில் போட்டாள். அழுதாள், சிரித்தாள். “என் மோளே, என் பொன்னே, எத்தர கனம்.” குழந்தை அழவில்லை. அவள் தோளுக்கு மேலாகப் பட்டறையைச் சுற்றிப் பார்த்தது. மெதுவாக, ஒவ்வொரு பக்கமாக.

அப்புறம்தான் மீனாக்ஷிக்கு அந்த வாசனை மூக்கில் ஏறியது. தரையில் கிடந்த சுருளை எடுத்து முகர்ந்தாள்.

“இது நம்ம வீட்டு மாமரம்.”

“ஆமா.”

“கமலாவுக்கு வெட்டினது.”

அவன் உளியின் விளிம்பைத் துடைத்தான்.

“படிச்சவர்தானே நீங்க,” என்றாள். கோபமாகக்கூட இல்லை. “எரிச்சிடுங்க. இப்பவே. நான் பாத்துட்டுதான் போவேன்.”

செப்பைக் கழற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனான். விறகடுப்பில் தீ இருந்தது. குனிந்தான்.

செப்புக்குள்ளிருந்து அழுகை வந்தது. மிக மெல்லியது. பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. சூடு பட்டதும் வீறிட்டது.

“அக்கா, கேக்குதா?”

“என்னது?”

அவன் திரும்பிப் பார்த்தான். மீனாக்ஷி வாசல்படியில் நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை. தோளிலிருந்த குழந்தை அவன் கையிலிருந்த செப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கேட்டது.

“பச்சைக் கட்டைக்கா,” என்றான். “இந்த மழையில எரியாது. வெயில் வரட்டும். எரிச்சிடறேன்.”

“சத்தியமா?”

“ம்.”

*

மீனாக்ஷி குழந்தையைத் தேவராவுக்குக் கொண்டுபோனாள். மூக்கம்மாள் கிடங்கு திறந்ததும் வேலைக்குப் போய்விட்டாள். அவனிடம் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. எதிரே வந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு சுவரோரமாகப் போனாள்.

செப்பு பசித்தபோதெல்லாம் அழுதது. முதலில் அவன் காதைப் பொத்திக்கொண்டான். பிறகு மீதியிருந்த பால்பொடியைக் கரைத்து, கரண்டியால் வாய்ப்பக்கம் ஊற்றினான். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பால் சுவரில் ஊறவில்லை. வெளிப்புறம் கசியவில்லை. உள்ளே குறைந்துகொண்டே வந்து தீர்ந்தது. அழுகை அடங்கியது.

மாங்கட்டையைப் பற்றி அவனுக்குத் தெரியாததில்லை. பச்சையில் குடைந்து மெலிந்த சுவர் காய்ந்தால் கோணும். கோணினால் வெடிக்கும். காயாமல் வைத்தால்தான் நிற்கும். ஈரத்துணியில் சுற்றி, துணி காய்வதற்குள் நனைத்து, மறுபடி சுற்றினான். கைமடிப்பில் தலைப்பக்கம் வரும்படி பிடிக்கக் கற்றுக்கொண்டான். வேறு வேலை எதுவும் செய்யவில்லை. மழைதான் அவனுக்குத் துணை. கிடங்குக்காரர்கள் மழையைத் திட்டினார்கள். அவன் இன்னும் பெய்யட்டும் என்று இருந்தான்.

சிங்க மாதம் பிறந்ததும் மழை விட்டது. ஓட்டிடுக்கு வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கியது. சந்து முழுக்கப் பாயில் சுக்கு காய்ந்தது. ஓணத்துக்குப் பூப்பறிக்கிற பிள்ளைகள் வாசலில் ஓடினார்கள். கதவையும் ஜன்னலையும் அடைத்து, சாக்கைத் தொங்கவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தான்.

ஒரு காலை, துணிக்குள் டிக் என்றது.

பிரித்துப் பார்த்தான். வாயோரத்தில் மயிர்க்கோடு போல் ஒரு வெடிப்பு. உள்ளேயிருந்த அழுகை அன்று வேறு மாதிரி இருந்தது. வலிக்கிற அழுகை.

துணியை முக்கி நனைத்துச் சுற்றி, பைக்குள் வைத்து, படகேறினான். எர்ணாகுளத்தில் இறங்கி பஸ் பிடித்தான். கொண்டுபோய்க் குழந்தையின் பக்கத்தில் வைத்தால் போதும். செப்புக்குள் இருப்பதற்கு வந்த வழியே திரும்பிப் போகத் தெரியும். அதற்கு மேல் அவனால் யோசிக்க முடியவில்லை.

“நல்ல நேரத்துல வந்தீங்க,” என்றாள் மீனாக்ஷி. “அவர் டூட்டிக்குப் போயாச்சு. நான் குளிக்கணும். இவளைக் கொஞ்சம் மடியில வெச்சுக்குங்க. இப்பெல்லாம் அழுகையே கிடையாது தம்பி. பசிச்சாக்கூட அழ மாட்டா. என்னையே பாத்துக்கிட்டு இருப்பா. சாயா போடட்டுமா?”

“வேண்டாம்.”

குழந்தையை அவன் மடியில் கிடத்தினாள். கனமாக இருந்தது. அவள் உள்ளே போனதும் பையைத் திறந்து, துணியை விலக்கி, செப்பைக் குழந்தையின் பக்கத்தில் வைத்தான். செப்பு கதறியது. தெருவே கேட்கும் என்று தோன்றியது. உள்ளே மீனாக்ஷி குளியலறை வாளியை நகர்த்திக்கொண்டு ஏதோ முணுமுணுத்துப் பாடினாள்.

“கமலா,” என்றான் குழந்தையின் முகத்தைப் பார்த்து, மெல்ல. “விட்டுடு. சின்னது அது.”

குழந்தை செப்பைப் பார்த்தது. கொஞ்சநேரம் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவன் கையைத் தேடிப் பிடித்தது. முன்போல் விரல்களை மூடிப் பிடிக்கவில்லை. ஆட்காட்டி விரலை மட்டும் பிரித்து எடுத்து, தன் முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்து, தன் பொடி நகத்தால் அவன் நகக்கண்ணில் இன்னும் தங்கியிருந்த பழைய மரத்தூளை நெம்பி எடுத்தது. ஒரு விரல் முடிந்து அடுத்த விரல். கமலாக்ஷி தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் அவன் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அதைத்தான் செய்வாள். அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

சுண்டுவிரல் முடிந்ததும் நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தது.

கதவு திறக்கிற சத்தத்தில் அவன் செப்பைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தான். மீனாக்ஷி தலையில் துண்டோடு எட்டிப் பார்த்தாள். “பாத்தீங்களா, சிரிக்கிறா. அப்படியே அவ அம்மா. கொஞ்சநேரம் இருந்துட்டுப் போங்களேன் தம்பி.”

பையில் மறுபடி டிக் என்றது.

அவன் குழந்தையை விரிப்பில் விட்டுவிட்டுப் பையோடு எழுந்தான். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. துணியின் ஓரம் ஏற்கெனவே வெளுத்திருந்தது. முழுக்கக் காய்வதற்குள் படகு கிடைக்க வேண்டும்.